மலையைச் சுற்றி வந்த தகவல்

திருவண்ணாமலையில் ஒருவர் தொலைந்துபோவதற்கு நியாயமே இல்லை. நடுவில் மலை, அதைச் சுற்றி ஒரே பாதை. பாதையில் போகிறவர்கள் எல்லோரும், மலை வலது கைப்பக்கம் இருக்கும்படி, ஒரே திசையில் நடக்கிறார்கள். நடந்துகொண்டே இருந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். இப்படிப்பட்ட ஊரிலும் ஒவ்வொரு கார்த்திகை தீபத்துக்கும் மக்கள் கும்பல் கும்பலாகத் தொலைந்தார்கள். கணவன் மனைவியைத் தொலைத்தான், மருமகள் மாமியாரைத் தொலைத்துவிட்டு அவசரமில்லாமல் தேடினாள். ஒரு முறை சம்பந்திகள் இரண்டு தரப்பும் மாப்பிள்ளையைத் தொலைத்துவிட்டு, யார் கையில் இருக்கும்போது தொலைந்தார் என்று கோபுரத்தடியில் பஞ்சாயத்து வைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இவர்களைச் சேர்த்துவைப்பதற்காக எங்கள் ஊரில் ஒரு தொண்டர் சங்கம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அதன் செயலாளர். செயலாளர் ஆனதற்குத் தகுதி, நான் நூலகர் என்பதுதான். நூலகர் என்றால் ஒழுங்காக அடுக்கிவைப்பார் என்று ஊர் நம்பியது. ஊர் நம்பியது சரிதான். என் நூலகத்தில் நல்ல புத்தகங்கள் எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, பூட்டி, சாவியை என் அரைஞாணில் வைத்திருந்தேன். அவை அழுக்காகாமல் இருந்ததற்குக் காரணம் அவற்றை யாரும் படிக்காததே என்பதை நான் என் திறமையாக எடுத்துக்கொண்டேன்.

சங்கத்துக்கு மலையைச் சுற்றி நான்கு கொட்டகைகள். முதலாவது தேரடியில், அதைப் பார்த்துக்கொண்டவர் எங்களுக்கு ஒலிபெருக்கி தரும் பாய். இரண்டாவது செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி. அது என் பொறுப்பு. மூன்றாவது அடி அண்ணாமலையில். அங்கே பள்ளிக்கூடத்து டீச்சர். நான்காவது ஈசானிய லிங்கத்துக்குப் பக்கத்தில். அங்கே சங்கத்தின் தலைவர், ஜவுளிக்கடைக்காரர்.

தலைவர் தம் தகப்பனார் நினைவாக ஒரு சுழற்கேடயம் வைத்திருந்தார். எந்தக் கொட்டகை அதிகம் பேரைச் சேர்த்துவைக்கிறதோ அதற்குக் கேடயம். பார்ப்பதற்கு நல்ல ஏற்பாடாகத்தான் தெரியும். நடந்தது என்னவென்றால், தொலைந்த ஆள் ஒருவர் கையில் கிடைத்துவிட்டால் அவரை எந்தக் கொட்டகையும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் தேடுகிறவர்கள் பக்கத்துக் கொட்டகையில் விவரம் தெரிந்துகொண்டு வந்துவிடுவார்கள், கணக்கு அந்தக் கொட்டகையின் பேரில் ஏறிவிடும். ஆகவே கிடைத்த ஆளுக்குப் புளியோதரை கொடுத்து, விசிறியும் கொடுத்து, பத்திரமாக மறைத்து வைத்திருந்தோம். நான் சொல்லப்போகும் தீபத்துக்கு முந்தைய வருஷத் தீபத்தன்று ஒரு பெண் காலையிலிருந்து தலைவருடைய கொட்டகையில் அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் என் கொட்டகையிலும் டீச்சர் கொட்டகையிலும் விசாரித்துவிட்டு, அவள் ஊருக்குத் திரும்பியிருப்பாள் என்று பஸ் ஏறிப் போய்விட்டான். மலை உச்சியில் தீபம் தெரிந்தபோது கூட்டம் முழுவதும் கையெடுத்துக் கும்பிட, அவள் ஒருத்தி மட்டும் கொட்டகைக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அதை நகராட்சி அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டார். அடுத்த வருஷம் கொட்டகைக்கு அனுமதி கேட்கப் போனபோது எங்களை நிற்கவைத்தே பேசினார்.

“வெளியூர்லேர்ந்து ஒரு குழு கேட்டுக்கினு இருக்காங்க. யூனிஃபார்ம், விசில், எல்லாம் கீது அவங்ககிட்ட. உங்ககிட்ட இன்னா கீது?”

“கேடயம் இருக்குதுங்க” என்றார் தலைவர்.

அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “இந்த வருஷம் ஒரு சான்ஸ் தர்றேன். நானே வந்து பார்ப்பேன். தீபம் ஏத்துற நேரத்துல நாலு கொட்டகையும் காலியா இருக்கணும். ஒரே ஒரு ஆள் தொலைஞ்சு உக்காந்துக்கினு இருந்தாலும் அடுத்த வருஷத்துலேர்ந்து நீங்க வீட்ல உக்காந்து சாமி கும்பிடலாம்.”

ஊரில் எனக்கு இருந்த மரியாதை இரண்டு. ஒன்று நூலகர் என்பது. அதை யாரும் மரியாதையாக எண்ணவில்லை. மற்றது இந்தச் செயலாளர் பதவி.

சங்கக் கூட்டத்தில் நான் தயாராக வந்திருந்தேன். நிர்வாகம் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று எங்கள் அலமாரியில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை இரவல் எடுத்தவன் நான் ஒருவனே. ஒரு நிறுவனத்தின் செல்வம் அதில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள்தான், அவை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. இதை நான் ரத்த ஓட்டம், ஆற்று நீர், தேனீ என்று பல உவமைகளோடு விளக்கினேன். தேனீ பாதியில் இருக்கும்போது மைக் நின்றுவிட்டது.

“கரண்ட் போச்சு சார்” என்றார் பாய். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

டீச்சர் எழுந்தார். “சார் சொல்றது சரிதான். நாம யாரும் யாருக்கும் எதையும் சொல்றதில்ல. ஏன் சொல்றதில்ல? கேடயம்.”

தலைவர் முகம் கறுத்தது. “எங்கப்பா பேர்ல குடுத்த கேடயம்மா அது. அதை எடுக்கணும்னா மொதல்ல என்னை எடுத்துடுங்க.”

“கேடயத்தை எடுக்க வேணாங்க. வாங்குற ஆளை மாத்துங்க. நான் சொல்லி அனுப்பின தகவலால பாய் கொட்டகையில ஒருத்தர் சேர்ந்தா, கணக்கு எனக்கு. பாய் சொல்லி என்கிட்ட சேர்ந்தா, கணக்கு பாய்க்கு.”

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். “அப்போ நான் எவ்ளோ ஜாஸ்தி சொல்றேனோ, எனக்கு அவ்ளோ லாபமா?”

“ஆமாம் பாய்.”

“அடடே. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் வருஷம் பூரா சொல்லியிருப்பேனே.”

தகவலைக் கொண்டுபோக சைக்கிள் தொண்டர்களைப் போடுவது என்று முடிவாயிற்று. போகும் கொட்டகையில் எல்லாம் இறங்கி, மைக்கைப் பிடித்து, அதுவரை தெரிந்தது அத்தனையும் சொல்லிவிட்டு, அங்கே உள்ளதைக் கேட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் போனால் தகவல் இரண்டு திசையிலும் ஓடும் என்று புத்தகத்தின் பலத்தில் நான் சொன்னேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மலையை இடமாகச் சுற்றுவதா? அதுவும் தீபத்தன்றைக்கா? என் மனைவியிடம் சொல்லிவிடுவார்களோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

“நான் மசூதிக்குப் போறவன் சார்” என்றார் பாய், “நானே அன்னிக்கு வலமாத்தான் சைக்கிள் ஓட்டுவேன். எதுக்கு வம்பு?”

ஆகவே எங்கள் தகவலும் பக்தியோடு ஒரே திசையில் போனது. தேரடிச் செய்தி எனக்கு வரும். என் செய்தி டீச்சருக்குப் போகும். ஆனால் டீச்சர் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அது ஈசானியம் போய், தேரடி போய், மலையை முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் என்னிடம் வரும்.

தீபத்தன்று காலையிலேயே வித்தியாசம் தெரிந்தது. சைக்கிள் தொண்டர்களில் முக்கியமானவர் ஒரு தபால்காரர். விடுமுறை நாளிலும் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். கூட்டத்துக்குள் மணி அடித்தபடி புகுந்து வருவார், ஸ்டாண்டு போடுவார், மைக்கில் ஒப்பிப்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒருவர் “ஐயோ, அது எங்க அத்தைதான்!” என்று பாய்ந்து வருவார். முந்தைய வருஷங்களில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இந்த முறை இலையைப் பிரிப்பதற்குள் எழுந்து போனார்கள். என் கொட்டகையில் புளியோதரை மிஞ்சியது. சங்க வரலாற்றில் அப்படி மிஞ்சியதே இல்லை.

கேடய ஆசையில் தகவல் கொஞ்சம் பெருகித்தான் போயிற்று. தேரடியிலிருந்து பாய் அனுப்பிய செய்திகளில் ஒரு குடை, இடது காலுக்கான செருப்பு, யாருடையது என்று தெரியாத ஓர் ஆடு எல்லாம் இருந்தன. ஆடு எந்தப் பக்கம் போகிறது என்றும் சொல்லியிருந்தார். அதுவும் வலமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் மற்ற கொட்டகைகள் மூன்றும் அநேகமாகக் காலி. என்னிடம் ஒரே ஒரு பெரியவர் மிச்சம். ஒல்லியான உடம்பு, சின்ன உருவம், சாதுவான முகம். மிஞ்சிய புளியோதரைக்கு நியாயம் செய்துகொண்டிருந்தார்.

“பெரியவரே, யாரோட வந்து தொலைஞ்சீங்க?”

“நான் எங்க தொலைஞ்சேன்? நான் இங்கதான கீறேன்? எங்க ஊட்டுக்காரிதான் தொலைஞ்சுட்டா.”

“சரி, அவங்க எந்த ஊரு?”

“கலசபாக்கம்.”

“ஆள் எப்படி இருப்பாங்க?”

அவர் கண் கலங்கிவிட்டது. “வாயில்லாப் பூச்சி சார். கூட்டத்தைக் கண்டா பயம். அந்நிய மனுசங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா. எங்கயாவது ஓரமா நின்னு அழுதுக்கினு இருப்பா.”

கலசபாக்கத்துப் பெண்மணி, பயந்த சுபாவம், பேசமாட்டார், அழுதுகொண்டிருப்பார். அப்படியே தபால்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் போகும்முன் தேரடியிலிருந்து கொண்டுவந்த செய்தியை மைக்கில் சொன்னார். அங்கே ஓர் அம்மா தன் வீட்டுக்காரரைத் தேடுகிறார். ஆள் மங்கலத்துக்காரர், ஆஜானுபாகு. கோபம் வந்தால் புலி. பசி தாங்கமாட்டார், பசி வந்தால் கொட்டகையையே பிரித்துப்போட்டுவிடுவார். ஆகவே கண்டால் முதலில் சாப்பாடு கொடுக்கவும், அப்புறம் பேசவும்.

பெரியவர் இதைக் கேட்டுக் கையிலிருந்த உருண்டையை இலையிலேயே வைத்தார். “பாவம் அந்தம்மா. இப்படி ஒரு ஆளோட எப்படித்தான் குப்பை கொட்டுதோ.” பிறகு என்னிடம், “சார், அந்த ஆளு இந்தப் பக்கம் வந்தா நான் அந்தாண்ட உக்காந்துக்கறேன்” என்றார். நானும் வாசலில் ஒரு கண் வைத்துக்கொண்டேன். மீசை பெரிதாக யார் வந்தாலும் புளியோதரை அண்டாவைத் திறந்து காட்டினேன்.

அதே நேரம் தேரடியில் நடந்ததைப் பாய் பிறகு சொன்னார். அங்கே வந்த அந்த அம்மாள் கொஞ்ச நேரத்திலேயே பாயிடமிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாராம். “யோவ், இப்படி மெதுவாப் பேசினா யாருக்குக் கேக்கும்? ரேடியோவா வச்சுக்கினு இருக்கே? தள்ளு” என்று தாமே அறிவிக்க ஆரம்பித்துவிட்டார். தேரடியில் கூவிக் கூவி வளையல் விற்கிறவர்கூட வாயை மூடிக்கொண்டாராம். தபால்காரரை முந்திப்போன இன்னொரு சைக்கிள் தொண்டர் என்னுடைய செய்தியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தபோது, பயந்த சுபாவமுள்ள கலசபாக்கத்துப் பெண்ணைப் பற்றி மைக்கில் உருக்கமாக அறிவித்ததும் அவர்தான்.

“பாவம், எங்க ஊருப் பொண்ணுபா. யாரும் அதட்டாதீங்க. பார்த்தா கையைப் பிடிச்சு இங்க கூட்டியாங்க” என்று சொன்னவர், தம்முடைய கலசபாக்கத்து நினைவில் அப்படி ஒரு பெண் யாராக இருக்கும் என்று பாயிடமே கேட்டிருக்கிறார்.

பொழுது இறங்கியது. சொன்னபடி அதிகாரி என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். மற்றக் கொட்டகைகளைப் பார்க்க ஆள் அனுப்பியிருந்தாராம். உள்ளே எட்டிப் பார்த்தார்.

“யார் இது?”

“பெரியவருங்க” என்றேன். அது உண்மை.

“தொலைஞ்ச ஆளா?”

“இல்லைங்க சார். தேடுற ஆளு. தேடுறவங்க உக்காரலாம்தானே?”

“தேடுறவன் எழுந்து தேடுவான். இவர் ஏப்பம் விட்டுக்கினு கீறார்.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் ஆகல. இருந்து பாக்கறேன்.”

பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் தொலையலங்க. என்னைப் பார்த்தா தொலைஞ்சவன் மாதிரியா கீது?”

அதிகாரி மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கண்முன்னே விசிலும் யூனிஃபார்மும் தெரிந்தன. கலசபாக்கத்துப் பெண் எங்கேயும் கிடைக்கவில்லை. புலி மாதிரி ஆளும் வரவில்லை. ரோடு முழுவதும் கூட்டம் நின்று, எல்லோர் முகமும் உச்சியைப் பார்த்துத் திரும்பிவிட்டது. நான் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சைக்கிள் மணி கேட்டது. மணிக்கு முன்னாலேயே ஒரு குரல் கேட்டது.

“வழி விடுங்கய்யா! கண்ணு தெரியல? தள்ளு, தள்ளு!”

தபால்காரர் வியர்வையில் நனைந்து மிதித்துக்கொண்டு வந்தார். பின்னால் கேரியரில், ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள். சைக்கிள் நிற்பதற்குள் குதித்து இறங்கினார். என் பெரியவரைப் பார்த்தார்.

“யோவ்! துன்னியா?”

பெரியவர் எழுந்து நின்றார். நிற்கும்போது இன்னும் சின்னவராகத் தெரிந்தார். “துன்னேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பெருமையும் நிம்மதியுமாக, “நான் சொல்லல சார்? எப்படிப் பயந்துபோய் கீறா பாருங்க” என்றார்.

அம்மாளும் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். அவர் அளவுக்கு அது தணிந்த குரல். “ரொம்ப ரகளை பண்ணிட்டாரா சார்? கோவிச்சுக்காதீங்க. அவரு சுபாவமே அப்படி.”

நான் தபால்காரரைப் பார்த்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். நான் அனுப்பிய செய்தியை அவர் அடி அண்ணாமலையில் ஒப்பித்ததும் டீச்சர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “யாரைத் தேடுறாங்கன்னு சொல்றீங்க. சரி. தேடுறவங்க யாரு, எந்த ஊரு?”

இவர் சொல்லியிருக்கிறார். செங்கம் ரோட்டில் இருக்கும் பெரியவருக்கு மங்கலம். தபால்காரர் சைக்கிளைத் துடைக்கும்போது பெரியவரே பேச்சுக் கொடுத்து அதைச் சொல்லியிருக்கிறார். தேரடியில் இருக்கும் அம்மாளுக்குப் பிறந்த ஊர் கலசபாக்கம், வாக்கப்பட்டது மங்கலம். அதையும் அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, “ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடுறாங்க. நேரா தேரடிக்குப் போங்க, அந்தம்மாவைப் பின்னாடி ஏத்திக்கிட்டு சார்கிட்ட இறக்குங்க” என்றாராம். ஆகவே அந்த உத்தரவு ஈசானியம் வழியாகத் தேரடி போய், மலையைச் சுற்றி முடித்து, கேரியரில் உட்கார்ந்து என்னிடம் வந்தது.

“ஏய்யா, ரெண்டு பேரையும் பார்த்தது நீங்க ஒருத்தர்தானே? உங்களுக்குத் தோணலையா?” என்றேன்.

“அடுத்தவங்க சேதியை நான் எதுக்கு சார் யோசிக்கணும்?” என்றார் தபால்காரர், கொஞ்சம் புண்பட்டு. “கொண்டு போய் சேர்க்கறதுதான் என் வேலை. டீச்சர் கேட்டாங்க, சொன்னேன். நீங்க கேக்கல.”

நான் கேட்கவில்லைதான். நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு அட்டை எழுதுகிறவன் நான். எதைப் பற்றியது என்று ஒன்று, எழுதியவர் யார் என்று ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. கொட்டகையில் உட்கார்ந்ததும் முதல் அட்டையோடு நிறுத்திக்கொண்டேன். எதைப் பற்றி என்று கேட்டேன், சொல்வது யார் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவரவர் கட்டிக்கொண்டதாக நினைத்த ஆளைத்தான் சொன்னார்கள்.

பெரியவரும் அம்மாளும் கொட்டகையை விட்டு வெளியே போய்க் கூட்டத்தில் நின்றார்கள். அவர் மேல்துண்டின் ஒரு நுனியை அம்மாள் தம் கையில் சுற்றிக்கொண்டார். அதே நொடியில் உச்சியில் ஒரு பொறி தெரிந்து சுடராக எழுந்தது. “அண்ணாமலையானுக்கு அரோகரா” என்று செங்கம் ரோடு முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. அதில் ஒரு குரல் தனியாகவும் கேட்டது. அது யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

நான் கும்பிட்ட கையோடு திரும்பிக் கொட்டகைக்குள் பார்த்தேன். ஒரு பெஞ்சு, ஓர் அண்டா, கழுவாத ஓர் இலை. ஆள் யாரும் இல்லை. அப்படி ஓர் அழகான காலியிடத்தை நான் வாழ்க்கையில் அதுவரை பார்த்ததில்லை. மற்ற மூன்று கொட்டகைகளும் காலி என்று அதிகாரி அனுப்பிய ஆட்கள் வந்து சொன்னார்கள். தலைவர் தம் கொட்டகையில் யாரும் இல்லாததைப் பார்த்து முதலில் கவலைப்பட்டு, அப்புறம்தான் சந்தோஷப்பட்டாராம். கேடயம் அந்த வருஷம் டீச்சருக்குப் போயிற்று. தலைவர் தாமே அடி அண்ணாமலைக்கு எடுத்துக்கொண்டு போனார், வலமாக.

அதிகாரி கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். “அடுத்த வருஷமும் நீங்களே போடுங்க. இன்னும் ரெண்டு கொட்டகை ஜாஸ்தியா போடுங்க” என்றார். நான் நன்றி சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. அண்டாவை எட்டிப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

“சார், என் ஜீப் டிரைவரைக் காணோம்.”

தபால்காரர் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, பெடலில் ஒரு கால் வைத்தார். நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

“சொல்லி அனுப்பறோம் சார். முதல்ல நீங்க யாரு, எந்த ஊருன்னு சொல்லுங்க.”